மிங் பேரரசனுக்கு லா சப்பலில் தைத்த சட்டை

வானொலிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருப்பது, விளம்பரம் முடிந்து எத்தனை விநாடி விடுவது என்பதெல்லாம் ஒரு கிழமையில் உங்களுக்கே பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. இருபத்திரண்டு வருடம் அந்தக் கதிரையில் இருந்தவள் என்ற துணிவில் ஒன்று சொல்கிறேன். குரல் சரியில்லாமல் இந்த வேலையில் கெட்டுப்போனவர்களை நான் கண்டதில்லை. நல்ல வாய் இருந்து, அந்த வாயாலேயே கெட்டவர்களைக் கண்டிருக்கிறேன். அதில் முதல் ஆள் நான். வெட்கப்பட்டுக்கொண்டு இதை எழுதவில்லை. பட வேண்டிய வெட்கமெல்லாம் அப்போதே பட்டு முடித்துவிட்டேன்.

என் நிகழ்ச்சி சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. கிழமை நாட்களில் பொபினியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை, பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு வந்து, துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த எங்கள் ஒலிபரப்பு அறையில் ஒரு மணி நேரம் சீனப் பேரரசுகளின் கதை சொல்வேன். கடைசிப் பதினைந்து நிமிடம் நேயர்கள் தொலைபேசியில் வருவார்கள்.

ஏன் சீனம் என்று கேட்காதவர்கள் இல்லை. பதில் லேசானது. எங்கள் சொந்தச் சரித்திரத்தைத் தொட்டால், நான் வாயை மூடுவதற்குள் நாலு பேர் நாலு பக்கத்தில் நின்று சண்டைக்கு வருவார்கள். பிரெஞ்சுச் சரித்திரம் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. சீனம் தூரம்; காலமும் தூரம். அங்கே யார் யாரைக் கவிழ்த்தாலும் இங்கே ஒருவருக்கும் நோகாது என்று நினைத்தேன். என் கெட்டித்தனத்தைப் பாருங்கள்.

முதல் மூன்று கிழமையும் புத்தகத் தமிழில் வாசித்தேன். சொங் அரசு காகிதப் பணம் அச்சடித்த கதையை இலக்கணம் பிசகாமல் சொல்லி முடித்த அன்று, ஸ்தேனிலிருந்து ஓர் உணவகச் சமையல்காரர் தொலைபேசியில் வந்தார்.

“அக்கா, குறை நினைக்காதையுங்கோ. நான் இஞ்சை வெங்காயம் உரிச்சுக்கொண்டு கேக்கிறன். நீங்கள் சொல்லுறது எனக்கு ஒரு மண்ணும் விளங்கேல்லை. ஒரு பாட்டைப் போட்டு விடுங்கோவன்.”

குறை நினைத்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு அந்த மனிதர் சொன்னது சரி என்று பட்டது. அடுத்த கிழமை உப்பின் கதை. மிங் அரசில், எல்லைப் படைக்குத் தானியம் கொண்டுபோய்க் கொடுத்த வியாபாரிக்குத்தான் உப்பு விற்க அரசு அனுமதித் தாள் கொடுத்தது. அதை நான் இப்படிச் சொன்னேன்: “உப்பு கனபேரிட்டை இருக்கு. தாள்தான் இல்லை. தாள் இல்லாமல் வித்தால் பொலிஸ் கலைக்கும். நம்பாட்டி லா சப்பல் மெத்ரோ வாசலில நிண்டு சிகரெட் விக்கிற ஆக்களைக் கேளுங்கோ. சீனச் சரித்திரம் அவைக்கு வடிவா விளங்கும்.”

அன்றைக்குத் தொலைபேசி ஓயவில்லை. வெங்காயக்காரரும் வந்து, “இண்டைக்குப் பாட்டு வேண்டாம் அக்கா” என்றார். அதற்குப் பிறகு எனக்கு வழி பிடிபட்டுவிட்டது. பேரரசின் பெருங்கால்வாய் அடைபட்டு வடக்கே அரிசி போகாமல் நின்றதை, செவ்ரானுக்குப் போகிற ரயில் பாதி வழியில் நின்றதுபோல் சொன்னேன். செவ்ரான்காரர் அத்தனை பேரும் அந்தக் கால்வாய்க்காக மனம் வருந்தினார்கள். அது நல்ல வழிதான். இப்போதும் அடித்துச் சொல்கிறேன், நல்ல வழி.

ஒலிபரப்பு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து ஒலியைக் கவனித்த எங்கள் பொறுப்பாளர் அதிகம் பேசாதவர். உப்புக் கதை முடிந்ததும் உள்ளே வந்து, தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டு சொன்னார்:

“நல்லா இருக்கு. ஊரைக் கதைக்குள்ளை எடு, பிரச்சினை இல்லை. ஆளை எடுக்காதை.”

ஓம் என்று தலையாட்டினேன். விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மிங் அரசின் வீழ்ச்சியைச் சொல்லத் தொடங்கிய கிழமை அது. நிலையத்துக்கு ஏறுவதற்கு முன் வழக்கம்போல் தேத்தண்ணிக் கடையில் நின்றேன். பக்கத்தில் இருவர் கதைத்துக்கொண்டார்கள்.

“தவராசா வானை விக்கிறாராம். அன்ரனை நிப்பாட்டிப் போட்டாராம்.”

“எட்டு வருசம் மூட்டை தூக்கினவன். பாவம்.”

தவராசா அண்ணை அதே தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அன்ரன் மன்னார்ப் பக்கத்து ஆள். அந்தக் கடையின் வானை ஓட்டி, பொபினி, ஸ்தேன், செவ்ரான் என்று வீடு வீடாக அரிசியும் மாவும் இறக்குகிறவன். இருவரையும் அறியாதவர் அந்தத் தெருவில் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மேலே ஏறினேன். கேட்டதும் என்னோடு சேர்ந்து ஏறியது.

அன்றைய கதை இதுதான். மிங் அரசின் கடைசிப் பேரரசனுக்குக் கருவூலம் வெறுமை. மிச்சம் பிடிக்க வேண்டும். அரச கட்டளைகளைக் குதிரையில் கொண்டு ஓடுவதற்கு நாடெங்கும் அஞ்சல் நிலையங்கள் இருந்தன. அவற்றில் பலதை மூடி, அங்கே வேலை செய்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படி வேலை இழந்த ஒருவன் கலகக்காரரோடு சேர்ந்து, சில வருடங்களில் படையோடு வந்து தலைநகரத்தையே பிடித்தான். வேறு எதுவும் சேர்க்கத் தேவையில்லாத கதை. நான் சேர்த்தேன்.

“அரசன் ஆரெண்டு நினைக்கிறியள்? ஒரு பலசரக்குக் கடை முதலாளி மாதிரித்தான். கல்லாவில இருந்துகொண்டு, கண்ணாடியை நெத்தியில ஏத்திப்போட்டு, ‘வான் ஓடுறது நட்டம்’ எண்டார். வருசக்கணக்கா மூட்டை தூக்கினவன் வந்து, ‘அப்ப நான் என்ன செய்யிறது?’ எண்டு கேட்டான். ‘பாப்பம், பாப்பம்’ எண்டார்.”

மிங் அரசில் வான்! கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எதற்கும் “பாப்பம், பாப்பம்” என்பவர் லா சப்பலில் ஒரே ஒருவர்தான். அந்தக் குரலைக்கூட நான் விடவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பொறுப்பாளர் நெற்றியில் கை வைத்தார்.

நினையாமல் வந்த சொல் என்று கனகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். தேத்தண்ணிக் கடையில் கேட்டதுதான் வாய்க்குள் வருகிறது என்று எனக்குத் தெரியும். சிரிப்பார்கள் என்றும் தெரியும். சொன்னால் கூடாது என்றும் தெரியும். விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சிரித்தார்கள். முதல் நேயரே, “அக்கா, அந்த அரசன்ர கடையில இப்ப அரிசி மூட்டை என்ன விலை?” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, அன்ரன் படியேறி வந்தான். உழைத்துப் பருத்த ஆள். உள்ளே வராமல் வாசற்படியில் நின்றான்.

“அக்கா, உங்களுக்கு நான் என்ன குறை செய்தனான்?”

“ஏன் அன்ரன்?”

“என்னை ஒருத்தரும் நிப்பாட்டேல்லை அக்கா. முதலாளி, வான் கட்டுப்படியாகாது, வித்துப்போட்டுக் கடைக்குள்ளை வேலை தாறன் எண்டவர். பிரெபெக்சருக்குக் கடிதமும் திங்கட்கிழமை எழுதித் தாறன் எண்டவர். இப்ப றேடியோவைக் கேட்டுப்போட்டு, நான்தான் உங்களிட்டை வந்து அழுதனான் எண்டு நினைக்கிறார். எட்டு வருசம் சோறு போட்டதுக்கு நல்ல மரியாதை எண்டார். இனிக் கடைப்பக்கம் வராதை எண்டு சொல்லிப்போட்டார். கடிதமும் இல்லையாம்.”

விசா புதுப்பிக்கும் அரச அலுவலகமான பொபினி பிரெபெக்சரில் அவனுக்கு நேரம் குறித்துக் கொடுத்த ரெந்தேவு இன்னும் பன்னிரண்டு நாளில். ஒரு வருட விசா முடிகிறது. வேலை தருகிறேன் என்று முதலாளியின் கடிதம் இல்லாமல் அதைப் புதுப்பிக்க மாட்டார்கள். புதுப்பித்தால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிட அவன் விண்ணப்பம் போடலாம். மகளுக்கு எட்டு வயது. அவள் முகத்தை அவன் தொலைபேசியில் மட்டும்தான் கண்டிருக்கிறான். இது எல்லாவற்றையும் அந்தப் படியில் நின்று சொன்னான். நான் பாதிக் கதை கேட்டு, அந்தப் பாதியையும் பிழையாகக் கேட்டு, ஊருக்கே விளம்பியிருக்கிறேன். கடவுளே, அந்தக் கதிரையோடு என்னைக் கீழே கொண்டுபோனால் நல்லது என்று நினைத்தேன்.

நேரே கடைக்குப் போனேன். தவராசா அண்ணை கல்லாவில் இருந்தார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது; அன்றைக்கு அதை நெற்றிக்கு ஏற்றவில்லை.

“அண்ணை, அன்ரன் என்னட்டை ஒரு சொல்லும் சொல்லேல்லை. தேத்தண்ணிக் கடையில ஆரோ கதைச்சதை நான்தான்...”

“அவனைக் காப்பாத்தச் சொல்லுறாய்.”

“சத்தியமா, அண்ணை.”

“பிள்ளை, பதினொண்டரையிலிருந்து இந்தக் கடைக்கு வந்தவன் போனவன் எல்லாம் என்ர முகத்தைப் பாத்துச் சிரிக்கிறான். ஆறு மாசமா வாடகைக்கும் சம்பளத்துக்கும் நான் படுற பாடு ஆருக்குத் தெரியும்? ஒருத்தனை நிப்பாட்டக் கூடாது எண்டுதான் வானை விக்கிறன். நீ என்னைக் கொடுமைக்காரன் ஆக்கிப்போட்டாய்.” கொஞ்சம் மூச்செடுத்தார். “வாற சனிக்கிழமை உதே மைக்கில, நீ சொன்ன சீனாக்காரன்ர கதை முழுப் பொய் எண்டு சொல்லு. என்ர பேரைச் சொல்லி மன்னிப்புக் கேள். அவன்ர கடிதத்தை அதுக்குப் பிறகு பாப்பம்.”

அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவரே கேட்டார். தலையைக் குனிந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த பைகளைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார். சொந்த வாயில் இருந்த ஒரு சொல்லைக்கூட அந்த மனிதருக்கு நான் மிச்சம் விடவில்லை. வெட்கம் என்று மேலே சொன்னேனே, அது அந்த இடத்தில் பட்டது.

இனித்தான் உங்களுக்கான இடம். கவனமாகக் கேளுங்கள். ஒரு மனிதனின் விசாவுக்காக, செத்துப்போன ஓர் அரசனைப் பற்றி மைக்கில் ஒரு பொய் சொன்னால் என்ன கெட்டுப்போகும்? நான் உண்மையாகவே அப்படி யோசித்தேன். பொறுப்பாளரிடம் போனேன்.

“பொய் எண்டு சொன்னாலும் சரி, அவற்ற பேரைச் சொன்னாலும் சரி,” என்றார், “போன கிழமை சிரிச்சவன் இந்தக் கிழமை இன்னும் நல்லாச் சிரிப்பான்.”

“அப்ப நான் என்ன செய்யிறது, அண்ணை?”

“எனக்குத் தெரியாது. மைக் உன்னட்டைத்தான் இருக்கு.”

மூத்தவர்களிடம் எல்லாவற்றுக்கும் விடை இருக்கும் என்று நம்பி வராதீர்கள். அவரிடம் இருக்கவில்லை. என்னிடமும் இருக்காது.

அந்தக் கிழமை முழுக்க வேலைக்குப் போகவர ரயிலில் அதே பக்கங்களைத் திரும்பப் படித்தேன். சிரிப்புக்கு இடைஞ்சல் என்று நான் வெட்டித் தள்ளிய பக்கங்கள். அதில்தான் அரசன் இருந்தான். வரியெல்லாம் வெள்ளியில் கட்ட வேண்டிய காலம் அது. உழவனிடம் தானியம் விளைந்தாலும் வெள்ளி விளையாது. அதை விற்றுத்தான் வெள்ளி தேட வேண்டும். வடகிழக்கில் மஞ்சுக்களோடு போர், வடமேற்கில் மழை பொய்த்துப் பஞ்சம். அரசன் சோம்பேறியல்ல, ஊதாரியுமல்ல. கிழிந்த உடுப்பைத் தைத்துப் போட்டவன் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். அஞ்சல் நிலையத்தை மூடினால் இவ்வளவு வெள்ளி மிஞ்சும் என்று தாளில் காட்டினார்கள். தாளில் அது சரி. வெளியே அனுப்பியவர்கள் நாளைக்கு எங்கே சாப்பிடுவார்கள் என்பது மட்டும் அந்தத் தாளில் இல்லை. நான் சொன்ன கதை பொய்யல்ல. நான் விட்ட பாதிதான் அதைப் பொய்யாக்கியது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. எழுதி வைத்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னேன்:

“போன கிழமை நான் ஒரு பிழை விட்டனான். நானூறு வருசத்துக்கு முந்தின அரசனுக்கு லா சப்பலில தைச்ச சட்டையைப் போட்டுவிட்டனான். தைச்சது நான். ஒருத்தரும் என்னட்டை வந்து ஒரு கதையும் சொல்லேல்லை. அரைகுறையாக் காதில விழுந்ததை, சரியோ பிழையோ எண்டு விசாரியாமல், நீங்கள் சிரிக்க வேணும் எண்டதுக்காகச் சேர்த்தனான். காதில விழுந்ததே பிழை. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். சீனாவில நடந்தது உண்மை, ஆனா அரைவாசிதான் சொன்னனான். இண்டைக்கு மற்ற அரைவாசி.”

பேர் சொல்லவில்லை. வானில்லை, கல்லாவில்லை, குரல் மாற்றவில்லை. வெள்ளியையும் பஞ்சத்தையும் அந்தத் தாளையும் இருந்தபடியே சொன்னேன். தலைநகரத்தைப் பிடித்த அந்த அஞ்சல்காரனையும் வீரனாக்கவில்லை. அவனுடைய ஆட்கள் நகரத்தைப் பிழிந்தார்கள். இரண்டு மாதம்கூட அவனால் அதை வைத்திருக்க முடியவில்லை. மஞ்சுக்கள் வந்து சிங் அரசை அங்கே வைத்தார்கள். இரண்டு பக்கமும் தோற்ற கதை அது.

தொலைபேசி நேரம் வந்தது. முதல் அழைப்பு. பொறுப்பாளர் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் பிடித்தார்: தவராசா. எடுக்கவா விடவா என்று மற்றக் கையால் கேட்டார். நேரடி ஒலிபரப்பில் அவர் என்னைத் திட்டினால், ஊர் அவரை இன்னும் பார்த்துச் சிரிக்கும்; கடிதம் அத்தோடு முடிந்தது. எடுக்காமல் விட்டால், பயந்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். அப்போதும் கடிதம் முடிந்தது. இரண்டு விநாடி யோசித்தேன். வானொலியில் இரண்டு விநாடி நீளமானது. ஒருவனைப் பேசவிடாமல் அவனைப் பற்றிப் பேசியதுதானே என் குற்றம். எடுங்கள் என்று தலையாட்டினேன்.

“வணக்கம் நேயரே, சொல்லுங்கோ.”

அவர் பேர் சொல்லவில்லை. குரலும் தாழ்ந்திருந்தது.

“தங்கச்சி, ஒரு கேள்வி. அந்த அரசன்... தைச்சு உடுத்து மிச்சம் பிடிச்ச மனிசன். அவனுக்குக் கடைசியில என்ன நடந்தது?”

இந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. இனிப்பாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம்; நல்லவன் என்று சரித்திரம் அவனை நினைக்கிறது என்று ஏதாவது. கடை ஆட்டம் காண்கிற ஒரு மனிதர் கேட்கிறார் என்பதும் தெரியும். ஆனால் கேட்டதற்குத்தானே பதில் சொல்ல வேண்டும்.

“கடைசி நாள் விடியக் காலமை, அமைச்சர்மாரைச் சபைக்குக் கூப்பிடுற மணியை அடிப்பிச்சவன் எண்டு எழுதி வைச்சிருக்கினம், அண்ணை. ஒருத்தரும் வரேல்லை.”

“ஒருத்தருமோ?”

“ஒரு அமைச்சரும் வரேல்லை.”

“பிறகு?”

“பிறகு அரசும் இல்லை அண்ணை, அரசனும் இல்லை.”

“ம்” என்றார். வைத்துவிட்டார். பொறுப்பாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டார். ஸ்தேன் சமையல்காரர் கேட்ட பாட்டு கடைசியில் அன்றைக்குத்தான் கிடைத்தது.

திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. செவ்வாயும் இல்லை. ரெந்தேவு வியாழக்கிழமை காலை. அலுவலகத்தில் நான் ஒரு தாளையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. வியாழன் மதியம் அன்ரன் தொலைபேசி எடுத்தான்.

“அக்கா, தோசியேயை எடுத்திட்டாங்கள், தாளெல்லாம் சரியாம். கடிதம் இருந்தது. முதலாளி தானே வானில கொண்டுபோய் பொபினியில இறக்கினவர்.”

“வழியில என்ன சொன்னவர்?”

“நான் ஓடுறன் எண்டன். இல்லை, இண்டைக்கு நீ இரு எண்டார். எட்டு வருசத்தில நான் அந்த வானில பக்கத்துச் சீற்றில இருந்தது இண்டைக்குத்தான் அக்கா.” அவன் அழுகிறான் என்று தெரிந்தது. நானும் அலுவலகத்தில் இருந்து அழுதேன். பக்கத்து மேசைப் பிரெஞ்சுக்காரி காகிதத் துவாலையை நீட்டினாள்.

வானை அடுத்த மாதம் விற்றார். கடை தப்பியது. அன்ரன் இன்றைக்கும் அங்கேதான். மகள் வந்து, பிரெஞ்சில் அவனுக்கு எதிர்வாய் பேசுகிற வயதும் ஆகிவிட்டது. ஆனால் தவராசா அண்ணை ஏன் மனம் மாறினார் என்று கனகாலம் நான் கேட்கவில்லை. கேட்கும் முகம் எனக்கு இருக்கவில்லை. அரிசி வாங்கப் போவேன்; விலையைச் சொல்வார்; மிச்சக் காசைத் தருவார்; அதற்குமேல் ஒன்றும் இல்லை.

நான் விடைபெற்ற அன்று நிலையத்தில் ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். தவராசா அண்ணை ஒரு பெட்டி ரோல்ஸோடு படியேறி வந்து என் பக்கத்தில் இருந்தார். வேலையை விட்ட துணிவில் அன்றைக்குக் கேட்டேன்.

“அண்ணை, அண்டைக்கு ஏன் கடிதம் குடுத்தனீங்கள்? நான் மன்னிப்புக் கேட்டதாலயோ?”

“உன்ர மன்னிப்பு ஆருக்கு வேணும்?” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “நீ மணிக் கதை சொன்னனி. போனை வைச்சிட்டுக் கல்லாவில இருந்து யோசிச்சனான், நான் மணி அடிச்சால் ஆர் வருவினம் எண்டு. எவ்வளவு யோசிச்சும் ஒரு பேர்தான் வந்தது. அவனைத்தான் வராதை எண்டு கலைச்சுப்போட்டு இருந்தனான்.”

அந்த மணியில் லா சப்பல் இல்லை, வான் இல்லை, என் கெட்டித்தனமும் இல்லை. ஒரு மனிதர் கேட்டார். புத்தகத்தில் இருந்தபடியே சொன்னேன்.